ஒரே பாட்டு, வேறு வேறு இரவு: கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே பாட்டை இருபது பதிவுகளில் ஏன் கேட்க வேண்டும்? நல்லதாக ஒன்று போதாதா?

பெரும்பாலான ராக் குழுக்களுக்குப் போதும். ஆல்பத்தில் இருப்பதைத்தான் மேடையிலும் வாசிப்பார்கள். கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் சத்தமாக. கிரேட்ஃபுல் டெட் அப்படிப்பட்ட குழு இல்லை. 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கி, 1995 ஆகஸ்ட் 9 அன்று குழுவின் முதன்மை கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா இறக்கும் வரை 2,300க்கும் அதிகமான கச்சேரிகள் செய்தார்கள். அவற்றில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. பாட்டு வரிசை இரவுக்கு இரவு மாறும். அதைவிட முக்கியம், பாட்டுக்குள்ளேயே பாதி இடம் காலியாக விடப்பட்டிருக்கும். அந்த இடத்தை அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ அதை வைத்து நிரப்புவார்கள்.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே வித்வான் ஒரே தோடியை இரண்டு சபாக்களில் பாடியிருந்தால் இரண்டையும் தேடிக் கேட்போம். கீர்த்தனை ஒன்றுதான், ஆலாபனை வேறு. இங்கேயும் அதேதான்.

இத்தனை பதிவுகள் எப்படி வந்தன?

இரண்டு வழிகளில். குழுவின் ஒலிப் பொறியாளர்கள் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்துவந்தார்கள். முதலில் ஆவ்ஸ்லி ஸ்டான்லி. மேடை ஒலி சரியாக இருந்ததா என்று பிறகு கேட்டுத் திருத்திக்கொள்வதற்காக அவர் ஒவ்வொரு இரவையும் டேப்பில் பிடித்து வைத்தார். 70களில் பெட்டி கேன்டர்-ஜாக்சன் அந்த வேலையை வேறொரு உயரத்துக்குக் கொண்டுபோனார்.

இரண்டாவது வழி ரசிகர்கள். மைக்கையும் டேப் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு அரங்குக்குள் வந்தவர்களைக் குழு விரட்டவில்லை. 1984 அக்டோபரிலிருந்து அவர்கள் உட்கார்ந்து பதிவு செய்யத் தனிப் பகுதியே ஒதுக்கினார்கள். ஒரே நிபந்தனை: டேப்பை மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. அந்தப் பெருந்தன்மை இல்லாவிட்டால் இன்றைக்கு ஒப்பிடுவதற்கு நம் கையில் பத்துப் பன்னிரண்டு ஆல்பங்கள்தான் இருந்திருக்கும்.

சவுண்ட்போர்டு, ஆடியன்ஸ், மேட்ரிக்ஸ் என்கிறார்கள். எதை எடுப்பது?

சவுண்ட்போர்டு என்றால், மேடை ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவியிலிருந்து நேராக எடுத்த பதிவு. ஆடியன்ஸ் என்றால் கூட்டத்துக்குள் மைக் வைத்து எடுத்தது. இரண்டையும் கலந்து ஒட்டினால் மேட்ரிக்ஸ்.

சவுண்ட்போர்டுதான் எப்போதும் மேல் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் ஆரம்பித்தேன். அது உண்மையில்லை. மிக்ஸருக்கு வருவது அரங்கின் ஸ்பீக்கர் வழியாகப் போக வேண்டிய ஒலி மட்டும். சிறிய அரங்கில் கிட்டார் ஆம்ப்ளிஃபயரே போதுமான சத்தம் போடும்போது மிக்ஸரில் அதைக் குறைத்து வைத்திருப்பார்கள். விளைவு, டேப்பில் குரல் மட்டும் முகத்துக்கு நேராக நிற்கும், கிட்டார் எங்கோ பின்கட்டில் கேட்கும். அன்று அரங்கில் இருந்தவர் காதில் அப்படி விழுந்திருக்காது. மேடைக்குப் பக்கமாக நல்ல மைக் வைத்து எடுத்த ஆடியன்ஸ் பதிவில் அந்த அறையின் காற்று இருக்கும். கார்சியா ஒரு சொற்றொடரை முடிக்கும்போது கூட்டம் எழுப்பும் சத்தம் இருக்கும். சில கச்சேரிகளில் அந்தச் சத்தம் குழுவையே அடுத்த இடத்துக்குத் தள்ளுகிறது. சவுண்ட்போர்டை மட்டும் கேட்டால், குழு திடீரென்று ஏன் சூடு பிடித்தது என்பதே புரியாது.

என் பழக்கம்: முதல் முறை சவுண்ட்போர்டு, யார் என்ன வாசிக்கிறார்கள் என்று பிரித்துத் தெரிந்துகொள்ள. பிடித்திருந்தால் அதே இரவின் ஆடியன்ஸ் டேப்.

ஒப்பிடுவதற்கு எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

'டார்க் ஸ்டார்'. வேறு பதில் எனக்கு இல்லை.

1968இல் சிங்கிளாக வந்தபோது இந்தப் பாட்டுக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. ராபர்ட் ஹன்டர் எழுதிய இரண்டு சரணங்கள், நடுவில் சிறிய கிட்டார் பகுதி, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு 'லைவ்/டெட்' ஆல்பத்தில் அதே பாட்டு 23 நிமிடம் ஓடுகிறது. அது 1969 பிப்ரவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில், பதினாறு ஒலிகளைத் தனித்தனியாகப் பிடிக்கும் 16-ட்ராக் கருவியில் பதிவானது. அந்தக் காலத்தில் கச்சேரி மேடைக்கு 16-ட்ராக் கருவியைக் கொண்டுபோனவர்கள் மிகச் சிலர்.

இந்தப் பதிவில் முதலில் கவனிக்க வேண்டியது டிரம்ஸ். பெரும்பகுதி நேரம் அது வாசிக்கப்படுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். தாளத்தைத் தாங்குவது ஃபில் லெஷின் பேஸ். ஆனால் அவரும் தாளத்தைக் காக்கும் ஆளாக வாசிக்கவில்லை. கார்சியாவோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருகிறார். டாம் கான்ஸ்டன்டனின் ஆர்கன் பின்னால் மெல்லிய திரைபோல் விரிகிறது. 23 நிமிடமும் ஒரே மூச்சு. எங்கே தொடங்கி எங்கே முடிக்கப் போகிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டாம் சரணம் முடிந்ததும் 'செயின்ட் ஸ்டீபன்' வரும் என்பதும் தெரியும்.

அடுத்து 1970 பிப்ரவரி 13, நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட். கான்ஸ்டன்டன் விலகி ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஆர்கன் திரை விலகிவிட்டதால் பாட்டில் வெற்றிடம் கூடியிருக்கிறது. கிட்டத்தட்ட அரை மணி நேரம். நடுவில் ஓசையே இல்லாத அளவுக்கு இறங்கிப் போய், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்கு வருகிறார்கள். 1969இல் ஒரு நேர்த்தி இருந்தது என்றால், இங்கே இருப்பது துணிச்சல்.

பிறகு 1972 ஆகஸ்ட் 27, ஓரிகன் மாநிலத்து வெனீட்டா. இது என் மனதுக்கு மிக நெருக்கமானது, கடைசியில் சொல்கிறேன்.

அதே ஆண்டு மே 11, நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் வாசித்த 'டார்க் ஸ்டார்' முக்கால் மணி நேரத்தைத் தாண்டும். நீளம்தான் தகுதி என்றால் இது முதலிடம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடுவில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அவர்கள் நிற்கும் நிமிடங்கள் இருக்கின்றன. அதையும் ஒருமுறை கேட்க வேண்டும். தேடுவது என்றால் என்ன என்பது, கிடைத்த இரவுகளைவிடத் தேடிக்கொண்டே இருந்த இரவுகளில்தான் நன்றாகத் தெரிகிறது.

1974க்குப் பிறகு பாட்டு கிட்டத்தட்ட மறைந்துபோனது. எப்போதாவது ஒருமுறை வந்து போகும். 1984க்குப் பிறகு ஐந்து வருடம் அதுவும் இல்லை. 1989 அக்டோபர் 9, வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் அரங்கம். குழுவின் பெயரைக்கூடப் போடாமல் பழைய பெயரான வார்லாக்ஸைச் சொல்லி அறிவித்த கச்சேரி. முதல் சில சுரங்கள் விழுந்ததும் கூட்டம் எழுப்பும் கூச்சலைக் கேளுங்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் நான் ஆடியன்ஸ் டேப்பைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

1977 கார்னெல் கச்சேரிதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்கிறார்களே, உண்மையா?

1977 மே 8, நியூயார்க் மாநிலம் இத்தாக்கா, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். மே மாதத்தில் அன்று பனி பெய்தது. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய பதிவுகளின் பட்டியலில் இந்தக் கச்சேரியைச் சேர்த்திருக்கிறது.

அற்புதமான கச்சேரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'சிறந்தது' என்ற சொல்லுக்குள் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது: அன்று வாசித்தது எப்படி இருந்தது, அதன் டேப் எப்படி இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் ஒப்பிட்டுக் கேட்பதில் மிகக் கடினமான பகுதி.

டேப்பை முதலில் பார்ப்போம். பதிவு செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். அரங்கின் ஸ்பீக்கருக்குப் போகும் கலவையை அப்படியே எடுக்காமல், பதிவுக்கென்றே தனியாக ஒரு கலவை செய்து இரண்டு ட்ராக்கில் பிடித்தார். அதனால்தான் பியானோ, இரண்டு கிட்டார், பேஸ் எல்லாம் தனித்தனி இடத்தில் உட்கார்ந்து கேட்கின்றன. 80களில் அவருடைய ரீல்கள் இருந்த சேமிப்புக் கிடங்குக்கு வாடகை கட்ட முடியாமல் போய், அவை ஏலத்தில் வேறு கைகளுக்குப் போயின. அதிலிருந்து எடுத்த நகல்கள் ரசிகர்களிடையே பரவின. இன்றும் அவற்றுக்கு 'பெட்டி போர்டு' என்றுதான் பெயர். மற்ற கச்சேரிகளின் டேப் நாலாவது ஐந்தாவது நகலாக, இரைச்சலோடு கைமாறிக்கொண்டிருந்த காலத்தில் இது கண்ணாடிபோல் இருந்தது. புகழ் வந்ததற்கு அது பாதிக் காரணம். அதிகாரப்பூர்வமாக வெளிவந்தது 2017இல்தான்.

இப்போது வாசிப்பு. 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாட்டிலிருந்து 'ஃபயர் ஆன் தி மவுன்டன்' பாட்டுக்குப் போகும் இடம். இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒன்று எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. பேஸ் முன்னமே புதுப் பாட்டுக்குப் போய்விடும், கிட்டார் இன்னும் பழைய வீட்டிலேயே இருக்கும். கடைசியில் 'மார்னிங் டியூ'. அணுப்போருக்குப் பிறகான உலகில் இருவர் பேசிக்கொள்வது போன்ற பாட்டு, கனடாவின் பானி டாப்சன் எழுதியது. முடிவில் கார்சியா தனித்தனி சுரங்களை விட்டுவிட்டு, எல்லாத் தந்திகளையும் சேர்த்து மிக வேகமாக அடித்து உச்சத்துக்கு ஏறுகிறார். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் நான் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுவேன்.

சரி, பக்கத்து இரவுகள்? முந்தைய நாள் பாஸ்டன், அடுத்த நாள் பஃபலோ. மே 9 பஃபலோவில் 'ஹெல்ப் ஆன் தி வே'யில் தொடங்கி வரும் வரிசை கார்னெலில் உள்ள எதற்கும் குறைந்ததில்லை. முழுக் கச்சேரியாக எடுத்தால் பஃபலோ ஒரு படி மேல் என்பது என் கருத்து. 'மார்னிங் டியூ' ஒன்றுக்காகக் கார்னெலை விட்டுக்கொடுக்கவும் மனம் வராது. அந்த மாதம் முழுக்க அவர்கள் அவ்வளவு கச்சிதமாக இருந்ததற்கு ஒரு காரணம், சற்று முன்புதான் 'டெராப்பின் ஸ்டேஷன்' ஆல்பத்துக்காகத் தயாரிப்பாளர் கீத் ஓல்சனிடம் கடுமையாக ஒத்திகை பார்த்திருந்தார்கள். அந்த ஒழுங்கு மேடையிலும் தெரிகிறது.

டிரம்மர் ஒருவரா இருவரா என்பது அவ்வளவு பெரிய வித்தியாசமா?

மிகப் பெரிய வித்தியாசம். தேதி சொல்லாமல் ஒரு டேப்பைக் கொடுத்தால் நான் முதலில் தேடுவது அதைத்தான். மிக்கி ஹார்ட் 1967இல் சேர்ந்தார், 1971 தொடக்கத்தில் விலகினார், 1974 அக்டோபரில் மீண்டும் மேடைக்கு வந்தார். நடுவில் உள்ள மூன்றரை வருடம் பில் க்ரூட்ஸ்மன் தனியாக வாசித்தார். ஒரே ஆள் என்பதால் நினைத்த நொடியில் திரும்ப முடியும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. 1972, 73, 74 பதிவுகள் ஜாஸ் குழுபோல் லேசாகப் பறப்பது அதனால்தான். இருவர் வந்த பிறகு தேர் மாதிரி: கனம், அழகு, நகர்ந்தால் எதிரே எதுவும் நிற்க முடியாது. ஆனால் முனை திரும்ப நேரம் ஆகும்.

இரண்டாவது அடையாளம் கீபோர்டு. ஆர்கனும் மவுத் ஆர்கனும் சேர்ந்த நாட்டுப்புற ப்ளூஸ் மணம் என்றால் பிக்பென் காலம். துல்லியமான பியானோ என்றால் 1971 அக்டோபரில் வந்த கீத் காட்ஷா. 1979 ஏப்ரலில் பிரென்ட் மிட்லண்ட் வந்ததும் ஆர்கனும் சின்தசைசரும், கூடவே கரகரத்த உயர்ந்த குரலும் வந்தன.

1974 பதிவுகளில் குரல் ஏன் மெலிந்து கேட்கிறது?

அந்த ஆண்டு அவர்கள் பயன்படுத்திய 'வால் ஆஃப் சவுண்ட்' ஒலி அமைப்புதான் காரணம். அறுநூறு ஸ்பீக்கர்கள் அளவில் மேடைக்குப் பின்னால் சுவர்போல் அடுக்கியிருந்தார்கள்; எடை ஏறத்தாழ 75 டன். குழு கேட்பதும் கூட்டம் கேட்பதும் ஒரே ஒலி. ஸ்பீக்கர் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மைக் அதையும் பிடித்து ஊளையிடும் இல்லையா? அதற்காக ஒவ்வொருவருக்கும் இரண்டு மைக்கை ஒட்டி வைத்து, ஒன்றின் ஒலி அலையைத் தலைகீழாக்கினார்கள். இரண்டிலும் சமமாக விழும் சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு மைக்கில் மட்டும் வாய் வைத்துப் பாடும் குரல் மிஞ்சும். கொஞ்சம் நகர்ந்து பாடினாலும் குரலின் அடிப்பகுதியும் சேர்ந்து அழிந்துவிடும். அந்த மெலிவு அதுதான்.

பேஸைக் கேட்டால் அந்தக் குறையை மன்னித்துவிடலாம். ஃபில் லெஷின் ஒவ்வொரு தந்தியின் ஒலியையும் தனி ஸ்பீக்கர் அடுக்குக்கு அனுப்ப முடிந்த ஆண்டு அது. சியாட்டிலில் மே 21 அன்று வாசித்த 'பிளேயிங் இன் தி பேண்ட்' 46 நிமிடம். 1971 ஆல்பத்தில் அதே பாட்டு ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

அதிகாரப்பூர்வ ஆல்பம் இருக்கும்போது முழுக் கச்சேரி டேப் எதற்கு?

'ஐரோப்பா 72' நல்ல உதாரணம். 1972 ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பாவில் 22 கச்சேரிகள். அதிலிருந்து பொறுக்கி அதே ஆண்டு மூன்று இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பாடிய பகுதிகள் பலவற்றை ஸ்டூடியோவில் திரும்பப் பாடிச் சேர்த்தார்கள். குரல் இசைவு அழகாக இருக்கிறது, அன்று மேடையில் நடந்தது அதுவல்ல. 2011இல் 22 கச்சேரிகளும் 73 சிடிகளாக வெளிவந்தன. திருத்தாத குரலைக் கேட்கும்போது தடுமாற்றம் தெரியும், அதே சமயம் பாடுபவரும் வாசிப்பவரும் ஒரே ஆள் என்பதும் தெரியும். அந்த ஆல்பத்தை நான் விரும்பித்தான் கேட்கிறேன். ஒப்பிடும்போது மட்டும் அதைக் கணக்கில் எடுக்க மாட்டேன்.

வரி மறந்துபோவது, சுருதி விலகுவது எல்லாம் தொந்தரவாக இல்லையா?

இல்லை. கார்சியா வரி மறந்த இரவுகளில் கிட்டார் அபாரமாக இருந்ததுண்டு.

ஒரே பாட்டு ஒரு டேப்பில் உயரமாகவும் இன்னொன்றில் தாழ்வாகவும் கேட்கிறதே?

வாசித்தவர்கள் மாற்றவில்லை, டேப் ஓடிய வேகம் மாறியிருக்கிறது. பேட்டரி தீரும் நிலையில் பதிவு செய்தால் டேப் மெதுவாக ஓடும். பிறகு சரியான வேகத்தில் போடும்போது சுருதி ஏறிவிடும், பாட்டும் வேகமாகிவிடும். அந்தப் பொய்யான வேகத்தைச் சூடான வாசிப்பு என்று நினைத்துவிடுவது எளிது. சந்தேகம் வந்தால் கிட்டார் ஒன்றைச் சுருதி சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஒட்டிப் பாருங்கள். ஒரே இரவுக்கு இரண்டு மூன்று பதிவுகள் இருந்தால் நீளத்தை ஒப்பிட்டாலும் பிடிபட்டுவிடும்.

80கள், 90களின் பதிவுகளைக் கேட்கலாமா?

கேட்க வேண்டும். அந்த வருடங்களைத் தள்ளிவிடுபவர்கள் 1990 வசந்த காலத்தை இழக்கிறார்கள். அந்த மார்ச் 29 அன்று நியூயார்க் மாநிலத்தின் நாசாவ் கொலீசியம் அரங்கில் சாக்ஸபோன் கலைஞர் பிரான்ஃபர்ட் மார்சலிஸ் சேர்ந்து வாசித்தார். 'ஐஸ் ஆஃப் தி வேர்ல்டு' பாட்டில் கார்சியாவின் ஒரு சொற்றொடரை அவர் எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் விதத்தைக் கேளுங்கள். புது ஆள் வந்தால் பழைய குழு எவ்வளவு இளமையாகிவிடுகிறது! நான்கு மாதத்தில் பிரென்ட் மிட்லண்ட் இறந்துபோனார். அது தெரிந்த பிறகு அந்தப் பதிவில் அவருடைய ஆர்கன் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. கடைசி இரண்டு ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கார்சியாவின் உடல் ஒத்துழைக்கவில்லை.

இந்தக் குழுவுக்கும் நம் ஊர் இசைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக ஒன்று உண்டு. மிக்கி ஹார்ட் 1991இல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிர் உசேனோடு கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கான முதல் கிராமி விருது அதற்குத்தான் கிடைத்தது. ஹார்ட் அதற்கு வெகு முன்பே தபலா மேதை அல்லா ரக்காவின் தாளக் கணக்குகளில் மனதைப் பறிகொடுத்தவர். 1969இன் 'தி லெவன்' பாட்டு பெயருக்கேற்றபடி பதினொன்று எண்ணிக்கையில் ஓடுகிறது. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் தனி சுகம்.

எங்கே கேட்பது?

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, காசு வேண்டாம். ஆடியன்ஸ் பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம். சவுண்ட்போர்டு பதிவுகளை அங்கேயே கேட்கலாம், இறக்க முடியாது. 2005 இறுதியிலிருந்து அப்படித்தான். குழுவின் டேப் காப்பாளர் டிக் லட்வாலா தேர்ந்தெடுத்து 1993இல் தொடங்கிய 'டிக்ஸ் பிக்ஸ்' வரிசையும், 2012இலிருந்து டேவிட் லெமியூ தேர்ந்தெடுக்கும் 'டேவ்ஸ் பிக்ஸ்' வரிசையும் விலைக்குக் கிடைக்கும்.

ஒரே ஒரு பதிவுதான் கேட்க நேரம் இருக்கிறது. எது?

வெனீட்டா, 1972 ஆகஸ்ட் 27. எழுத்தாளர் கென் கீசி குடும்பத்தின் பால் பண்ணை கடனில் இருந்தது. அதற்கு உதவ நடத்திய திறந்தவெளிக் கச்சேரி. கொளுத்தும் வெயில். வாத்தியங்கள் சுருதியில் நிற்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் அவர்கள் தந்தியை முறுக்கிக்கொண்டே இருப்பது கேட்கும்.

சூரியன் இறங்கும் நேரத்தில் 'டார்க் ஸ்டார்' தொடங்குகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. முதல் சரணத்துக்குப் பிறகு பேஸும் டிரம்ஸும் மட்டும் தனித்து நிற்கும் ஓர் இடம் வருகிறது. ஃபில் லெஷ் கேட்கிறார், க்ரூட்ஸ்மன் பதில் சொல்கிறார். பிறகு கீத்தின் பியானோ எட்டிப் பார்க்கிறது, கார்சியா திரும்பி வருகிறார், எல்லோரும் சேர்ந்து பாட்டின் வடிவமே கலைந்துபோகும் இருட்டுக்குள் இறங்குகிறார்கள். 1969இல் இருந்ததுபோல் இல்லாமல், அடுத்து என்ன என்பது இங்கே யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் சரணம் வரவே இல்லை. அந்த இருட்டு அடங்கும் நேரத்தில் குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் பாப் வியர் 'எல் பாசோ' என்ற கௌபாய் கதைப் பாட்டை எடுக்கிறார், மற்றவர்கள் கூடவே வந்துவிடுகிறார்கள்.

2013இல் 'சன்ஷைன் டேட்ரீம்' என்ற பெயரில் படத்தோடு வெளிவந்திருக்கிறது. முதல் முறை படம் பார்க்காமல், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனில் கேளுங்கள்.